கைத்திறன் மட்டும் போதுமா?

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்குக் கைப்பணிப் பயிற்சி கொடுத்துவிட்டால் வருமானம் தானாக வரும் என்று பலர் எண்ணுகின்றனர். இது பாதி உண்மையே. மறுபாதியை நோர்வே நாட்டுச் செல்பு என்னும் கிராமப் பிரதேசம் காட்டுகிறது.

1857இல் அங்கு மரித் என்ற இளம்பெண் கறுப்பு, வெள்ளைக் கம்பளி நூலால் எட்டிதழ்ப் பூப்போட்ட கையுறைகளைப் பின்னினார். ஊராரும் அதைப் பார்த்துப் பின்னத் தொடங்கினர். சொந்த ஆட்டின் உரோமம், வீட்டில் நூற்ற நூல். ஒரு நிறம் முன்னே பூவாகும்போது மற்றது பின்னே ஓடுவதால் கையுறை இரட்டைத் தடிப்பாகிக் குளிரைத் தாங்கும். அழகே பயனுமாயிற்று.

திரிகைக்கல் வெட்டும் தொழில் நலிந்த காலத்தில் இப்பின்னலே பல வீடுகளுக்குக் கைகொடுத்தது. எனினும் திறமையோடு அவர்கள் நின்றுவிடவில்லை. 1934இல் கைப்பணி மத்திய நிலையமொன்றை அமைத்து, தரத்தைப் பரிசோதித்து, ஊரின் பெயரிலேயே விற்றனர்.

எமது பெண்கள் பனையோலைப் பெட்டியும் பாயும் இழைப்பதில் எவருக்கும் குறைந்தவர்களல்லர். ஆனால் தனியொருத்தியாக வியாபாரி முன் நிற்பவள் அவன் சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டியவளாகிறாள். பத்துப் பேர் சங்கமாகச் சேர்ந்தால் விலை பேசலாம். அதற்கு ஒரு நிபந்தனையுண்டு: தரம் குறைந்த பெட்டி அயலவளுடையதாயினும், ஏன், சொந்தச் சகோதரியுடையதாயினும், "இதைத் திருத்திக்கொண்டு வா" என்று சொல்லும் துணிவு வேண்டும். அது கசப்பானதுதான். ஆயினும் அந்தக் கசப்பை ஏற்காத சங்கம் நிலைப்பதில்லை.

ஆகவே பயிற்சி வகுப்புக்கு முன் சங்கத்தை அமைப்போம். காணியையும் வீட்டையும் விட்டுவந்தோம். உழைப்பின் விலையையும் பிறர் கையில் விடலாகாது.