இழப்பீடு, நிலத்தில் இறங்கும் நாளின் விலையில்

2023 ஜூலை 26. விருத்தாசலத்துக்குக் கிழக்கே வளையமாதேவியில், பச்சை பிடித்து நின்ற நெற்பயிருக்குள் பொக்லைன் இயந்திரங்கள் இறங்கின. நெய்வேலிச் சுரங்கத்துக்காகப் பரவனாற்றுக்கு மாற்று வாய்க்கால் வெட்டும் வேலை. அழுது மறித்த விவசாயிகளுக்கு, சுரங்கத்தை நடத்தும் என்.எல்.சி. நிறுவனம் சொன்ன பதில், நிலத்துக்குப் பணம் ஏற்கெனவே கொடுத்தாயிற்று என்பது.

2006 முதல் 2013 வரை கையகப்படுத்தப்பட்ட நிலம் அது என்பது உண்மை. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் அதே உழவர்களே அதில் விதைத்து அறுத்தார்கள் என்பதும் உண்மை. இது தொடர்பான வழக்கை விசாரித்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி எம்.தண்டபாணி, ஏக்கருக்கு 40,000 ரூபாய் பயிர் இழப்பீடு வழங்க உத்தரவிட்டார். நிலத்தை ஒப்படைக்க விவசாயிகளுக்கும் கெடு விதித்தார். பயிருக்கு நியாயம் கிடைத்தது. நிலத்துக்கு? பத்தாண்டுக்கு முந்தைய விலையை வாங்கியவர், இன்று அந்தப் பணத்தில் பக்கத்து ஊரில் அதே அளவு நிலம் வாங்க முடியுமா?

1894-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் அநீதியைப் போக்கவே 2013-ல் புதிய நில எடுப்புச் சட்டம் வந்தது. சந்தை விலைக்கு மேல் அதே அளவு ஆறுதல் தொகை, ஊர்ப்புறங்களுக்குக் கூடுதல் பெருக்கம், மறுவாழ்வு என அது உறுதி தந்தது. குத்தகைதாரரையும் விவசாயக் கூலிகளையும் பாதிக்கப்பட்ட குடும்பங்களாக ஏற்றது. ஆனால் தமிழக அரசு, தொழில் திட்டங்களுக்கான 1997-ஆம் ஆண்டுச் சட்டம் உட்பட மூன்று மாநிலச் சட்டங்களுக்கு அதிலிருந்து விலக்கு வாங்கிக்கொண்டது. 2019-ல் உயர் நீதிமன்றம் அவற்றைச் செல்லாதென்றது. அரசு புதுச் சட்டம் இயற்றி அவற்றுக்கு மீண்டும் உயிர் கொடுத்தது. 2021-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. நிலம் எடுக்கும் முன் மக்கள் வாழ்வில் என்ன பாதிப்பு நேரும் என்று ஆராயும் கட்டாயம் இப்படித்தான் கைநழுவியது.

சொத்துரிமை 1978-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து நீங்கினாலும், அரசமைப்பின் 300-ஏ பிரிவில் நிற்கிறது. பணம் கொடுத்துவிட்டால் மட்டும் போதாது. நில எடுப்பு காலத்தோடு நடந்து, நிலத்தைக் கையில் எடுப்பதுவரை முழுமை பெற வேண்டும் என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வளையமாதேவியில் தவறிப்போனது இந்தக் காலக் கணக்குதான்.

சுரங்கமே வேண்டாம் என்று நாம் வாதிடவில்லை. விருத்தாசலத்தின் செராமிக் சூளைகளும் இந்த வட்டாரத்து மண்ணை நம்பி வளர்ந்தவைதான். மண்ணின் விலை தெரிந்த ஊர் என்பதால் கேட்கிறோம்: விலை நிர்ணயித்து ஐந்தாண்டுக்குள் நிலத்தில் இறங்காவிட்டால், இறங்கும் நாளின் விலையைக் கணக்கிட்டு வித்தியாசத்தைக் கொடுக்க வேண்டும். பயிர் நின்றால் அறுவடைவரை பொறுக்க வேண்டும். பொறுக்க முடியாதென்றால் பயிருக்கான பணம் முன்னதாகவே உழவர் கைக்குப் போக வேண்டும். பட்டா இல்லாத கூலிக் குடும்பத்தின் பெயரும் இழப்பீட்டுப் பட்டியலில் இருக்க வேண்டும்.

இவற்றை மாநில அரசு சட்டத் திருத்தமாகவே கொண்டுவர வேண்டும். கதிர் வரவிருந்த வயலில் இயந்திரம் இறங்கிய பிறகு நீதிமன்றப் படியேறி வாங்கும் பணம், உரிய காலத்தில் தரப்பட்ட இழப்பீடு ஆகாது.