சிறுவருக்கு நீதிமுறை சலுகையன்று, உரிமை

சட்டத்தின் பெருமை ஏட்டில் இல்லை. அது நடத்தப்படும் முறையிலேயே இருக்கின்றது. வசதி படைத்தவன் வழக்கில் அகப்பட்டால் அவனுக்காகப் பேசச் சட்டத்தரணி இருக்கின்றார், செல்வாக்கு இருக்கின்றது. உழவனின் பதினைந்து வயது மகனுக்கோ முறையைத் தவிர வேறு காவல் இல்லை. ஆதலால், மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வாழும் எம் மக்கள் சிறுவர் நீதியைத் தங்கள் சொந்தக் காரியமாகக் கருதவேண்டுமென்று வற்புறுத்த விரும்புகின்றோம்.

நாட்டில் சட்டம் இல்லாமலில்லை. இங்கிலாந்தின் 1933 ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தழுவி, 1939 இல் சிறுவர், இளையோர் கட்டளைச் சட்டம் இங்கு இயற்றப்பட்டது. சிறுவர் வழக்கை வேறு மண்டபத்திலோ, வேறு நாளிலோ, வேறு நேரத்திலோ விசாரிக்கவேண்டும். தடுத்துவைக்கும்போது வளர்ந்த குற்றவாளிகளோடு சேர்த்துவைக்கலாகாது. பெற்றோர் மன்றுக்கு அழைக்கப்படவேண்டும். பிள்ளையின் வீடு, பள்ளி, உடல்நலம் பற்றிய விவரங்கள் நீதவானுக்குக் கிடைக்கவேண்டும் என்பன அதன் சாரம். 2018 இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டு, குற்றப்பொறுப்பு வயது எட்டிலிருந்து பன்னிரண்டாக உயர்ந்தது. 1991 இல் இலங்கை ஏற்றுக்கொண்ட ஐக்கிய நாடுகள் சிறுவர் உரிமைச் சாசனம் பதினெட்டு வயதுக்குட்பட்டோரைச் சிறுவர் என்றது. கட்டளைச் சட்டம் அந்த எல்லையை எட்டியது 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்திலேதான். ஒரு வாக்குறுதி சட்டமாவதற்கு முப்பத்தொரு ஆண்டுகள்!

ஏட்டில் எழுதியது எங்கள் ஊருக்கு எவ்வாறு வந்து சேருகின்றது? தனியாக அமைந்த சிறுவர் நீதிமன்றங்கள் நாட்டில் விரல்விட்டு எண்ணத்தக்கவை. மற்றைய இடங்களில் நீதவான் நீதிமன்றமே சிறுவர் நீதிமன்றமாகவும் அமர்கின்றது. வெல்லாவெளியிலோ கொக்கட்டிச்சோலையிலோ வேளாண்மை செய்யும் தகப்பன், மகன் பிடிபட்டான் என்ற செய்தி கேட்டு, அறுவடையை விட்டுவிட்டு வாவியைக் கடந்து ஓடவேண்டியிருக்கின்றது. மண்முனைப் பாலம் 2014 இல் திறக்கப்பட்டது, பாதை குறுகியது. ஆயினும் பொலிஸ் நிலைய மேசைக்கும் அந்தத் தகப்பனுக்கும் இடையிலுள்ள தூரம் குறைந்ததா? வாக்குமூலம் அவன் வாசிக்கவறியாத மொழியில் எழுதப்பட்டால், அவன் வைக்கும் ஒப்பத்துக்குப் பொருள் என்ன? தமிழறிந்த உத்தியோகத்தர் எந்நேரமும் பொலிஸ் நிலையங்களில் இருக்கவேண்டுமென்று அரசு நியமித்த நல்லிணக்க ஆணைக்குழுவே 2011 இல் விதந்துரைத்தது. வடக்கிலும் கிழக்கிலும் நீதிமன்ற மொழி தமிழ் என அரசியலமைப்புக் கூறுகின்றது. மன்றில் தமிழ் இருந்தும் மன்றின் வாயிலுக்கு முன்னரே அது தடுக்கப்படுமானால் பயன் யாது?

சிறுவர்க்கு முறை எதற்கு, நீதவானின் இரக்கம் போதாதா என்பாரும் உளர். அவர்களுக்கு அமெரிக்காவின் அனுபவம் விடை கூறும். 1899 இல் சிக்காகோ நகரில் சிறுவர் நீதிமன்றம் தோன்றியபோது, நீதிபதி தந்தையைப்போல் இருப்பார் என்ற நம்பிக்கை மேலோங்கி நின்றது. பின்னர் 1964 இல் அரிசோனா மாநிலத்தில் நிகழ்ந்ததென்ன? தொலைபேசியில் ஆபாசமாகப் பேசினான் என்று பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவனைப் பெற்றோருக்கு அறிவிக்காமலே கொண்டுசென்றனர். முறைப்பாடு செய்தவர் மன்றுக்கே வரவில்லை. சிறுவனுக்காக வாதாட ஒருவருமில்லை. வளர்ந்தவர் செய்திருந்தால் ஐம்பது டொலர் வரை தண்டம், அல்லது இரண்டு மாதத்துக்கு மேற்படாத சிறை. சிறுவனுக்கோ இருபத்தொரு வயது வரை, அதாவது ஆறு ஆண்டு வரை, சீர்திருத்தப் பள்ளி! 1967 இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் இதனை மறுத்தது. குற்றச்சாட்டை முன்கூட்டி அறிதல், சட்டத்தரணியை வைத்தல், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்தல், தனக்கெதிராகத் தானே பேசாதிருத்தல் ஆகியன சிறுவனுக்கும் உரியவை என்று தீர்த்தது. முறையில்லாத இரக்கம் கொடுமையாக முடியும் என்பதே இதன் பாடம்.

தவறு செய்த பிள்ளையைக் கண்டிக்கவேண்டாம் என்று நாம் கூறவில்லை. நாற்று வளைந்தால் நிமிர்த்துவது உழவனுக்குத் தெரியும். அதற்காக வட்டையையே உழுதுபோடுவாரில்லை. வளர்ந்த குற்றவாளிகளோடு ஓரிரவு அடைபட்ட பிள்ளை அங்கே கற்றுக்கொள்வதை எந்தப் பள்ளியும் எளிதில் மறக்கச்செய்ய முடியாது.

ஆகவே நாம் கேட்பவை பெரியவையல்ல. மட்டக்களப்பு மாவட்டத்தில் சிறுவர் வழக்குகளுக்கெனக் குறித்த நாள் ஒன்று எங்கும் கண்டிப்பாகக் கைக்கொள்ளப்படட்டும். அதற்குப் புதுக் கட்டடமும் வேண்டியதில்லை. சிறுவரின் வாக்குமூலம் தமிழில் எழுதப்பட்டு, பெற்றோர் முன்னிலையில் வாசித்துக் காட்டப்படட்டும். நன்னடத்தையும் சிறுவர் பராமரிப்பும் 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தத்தின்படி மாகாணத்துக்குரியவை. படுவான்கரையில் போதிய நன்னடத்தை உத்தியோகத்தரை அமர்த்தும் கடமையை மாகாண நிருவாகம் தட்டிக்கழிக்கலாகாது.

அரசை மட்டும் குறைகூறி நாம் ஓயலாகாது. சட்டத்தரணிகளே, மாதத்தில் ஒரு நாளைப் பிள்ளைகளுக்கென ஒதுக்குங்கள். ஆசிரியர்களே, பிள்ளையின் நல்லொழுக்கத்தை எழுத்தில் கொடுக்கத் தயங்காதீர்கள். கமக்காரர் அமைப்புகளே, 1978 ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவின் வாசல் ஏழைக்கும் திறந்திருக்கின்றது என்பதை வட்டைதோறும் சொல்லுங்கள். ஏழைத் தகப்பன் தலைநிமிர்ந்து மன்றுக்குள் நுழையும் நாளே இச்சட்டம் மெய்யாகும் நாள். அந்நாளை நாம் காத்திருந்து பெறமுடியாது, கேட்டே பெறவேண்டும்.