சர்க்கரை எவ்வளவு?

‘சர்க்கரை வெள்ளை நஞ்சு, அதைத் தொடவே கூடாது’ என்கிறார் நம் சங்கத்து நண்பர் ஒருவர். ‘வெள்ளைச் சர்க்கரைதான் தீது, வெல்லம் எவ்வளவும் உண்ணலாம்’ என்கிறார் மற்றொருவர். மூன்றாமவர்க்கு இந்த வழக்கே பிடிக்கவில்லை. ‘இருபது வயதில் எதைத் தின்றாலும் செரிக்கும், நாற்பதில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று கூறிவிட்டு இன்னொரு ஜிலேபியை எடுத்துக்கொள்கிறார். உயிர்வேதியியல் பயில்பவன் என்பதால் தீர்ப்புக் கூறும் பொறுப்பு என் தலையில் வந்து விழுகிறது. மூவர் பக்கமும் நான் சேர்வதாக இல்லை.

முதலில் அளவைப் பார்ப்போம். உலக சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறை இதுதான்: ஒருவர் நாள்தோறும் பெறும் ஆற்றலில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கும் குறைவாகவே சர்க்கரையிலிருந்து வரவேண்டும், ஐந்து பங்குக்குள் நிற்குமானால் இன்னும் நன்று. ஒரு கிராம் சர்க்கரை தருவது 4 கலோரி. நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவர்க்குப் பத்துப் பங்கு என்பது 50 கிராம்; ஐந்து பங்கு என்பது 25 கிராம். நாம் சேர்க்கும் சர்க்கரையும், ஆலையார் சேர்க்கும் சர்க்கரையும், வெல்லமும், தேனும், பிழிந்த பழச்சாற்றின் இனிப்பும் இக்கணக்கில் அடங்கும். முழுப் பழத்திலும் பாலிலும் இயல்பாக உள்ள இனிப்பு அடங்காது. ஆகவே கொய்யாப்பழத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை.

இந்த 50 கிராம் என்பது எல்லையே அன்றித் தேவை அன்று. இதனை அழுத்திக் கூறக் காரணம் உண்டு. சேர்க்கும் சர்க்கரை நம் உடலுக்கு ஒரு கிராம்கூட இன்றியமையாதது அன்று. மூளைக்கும் தசைக்கும் வேண்டிய குளுக்கோசைச் சோற்றிலிருந்தும் சப்பாத்தியிலிருந்தும் உடல் தானே எடுத்துக்கொள்ளும். அவை கிடைக்காதபோது கல்லீரல் பிற பொருள்களிலிருந்தும் அதனை ஆக்கித் தரும். ஆனால் கடையில் வாங்கும் பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிகளின்படி, சேர்த்த சர்க்கரைக்கு நாளொன்றுக்கு 50 கிராம் என்று வைத்துக்கொண்டு, ‘பரிந்துரைக்கப்பட்ட அளவில் இத்தனை பங்கு’ என்று அச்சிட்டிருப்பார்கள். புரதத்துக்கும் இரும்புக்கும் பரிந்துரை இருக்கலாம்; சர்க்கரைக்கு என்ன பரிந்துரை? ‘இருபது பங்கு’ என்று படிக்கும் மாணவர், இன்னும் எண்பது பங்கு உண்ண வேண்டிய கடன் இருப்பதாக அல்லவா எண்ணுவார்! வேலியைக் காட்டி, அதுவரை மேய்ந்துவிட்டு வா என்று சொல்வது போல் இருக்கிறது.

இனி நம் விடுதிக்கு வருவோம். மெஸ்ஸில் நூறு குவளைத் தேநீருக்கு எவ்வளவு சர்க்கரை போடுகிறீர்கள் என்று சமையற்காரர் மகராஜிடம் கேட்டேன். ‘ஒன்றேகால் கிலோ’ என்றார் அவர், சற்றும் தயங்காமல். குவளைக்குப் பன்னிரண்டரை கிராம். காலையில் ஒன்று, வகுப்புக்கிடையே ஒன்று, மாலையில் ஒன்று, இரவில் படிக்கும்போது ஒன்று என்று நான்கு குவளை குடிப்பவர் நம்மில் பலர். வெளியில் போடும் தேநீரும் இதே அளவினது என்று கொண்டால் கணக்கு நேரே 50 கிராமில் போய் நிற்கிறது. ஓர் இனிப்புப் பண்டத்தையும் வாயில் வைக்கவில்லை, எல்லை வந்துவிட்டது! இந்நால்வேளைத் தேநீரை யாரும் இனிப்பு என்று கணக்கிடுவதும் இல்லை. ‘நான் இனிப்பே சாப்பிடுவதில்லை’ என்று பெருமை பேசும் நண்பர்களும் இத்தேநீரைத்தான் குடிக்கிறார்கள்.

பாட்டிலில் வரும் குளிர்பானம் இதனினும் கொடிது. சாதாரணக் கோலா பானத்தில் 100 மில்லிலிட்டருக்குப் பத்து முதல் பதினொரு கிராம் சர்க்கரை இருக்கிறது. தேர்வுக் காலத்தில் நண்பர்கள் அரைலிட்டர்ப் பாட்டிலை மேசைமேல் வைத்துக்கொண்டு படிக்கிறார்கள். அது ஒன்றே ஒரு நாளின் எல்லையைத் தாண்டிவிடும். மென்று தின்னும் பொருள் வயிறு நிறைந்தது என்பதை உணர்த்தும். குடித்த இனிப்போ பெரும்பாலும் அவ்வாறு உணர்த்துவதில்லை. அடுத்த வேளைச் சப்பாத்தியில் ஒன்றும் குறைவதில்லை.

வெல்லத்தின் கட்சியார்க்கு ஒரு சொல். வெல்லத்திலும் கருப்பட்டியிலும் மணமும் சுவையும் உண்டு; சிறிது தாதுச் சத்தும் உண்டு; மறுக்கவில்லை. ஆனால் அவற்றின் பெரும்பகுதி சர்க்கரையே. குடலில் சென்றதும் அது குளுக்கோசாகவும் பிரக்டோசாகவும் பிரிகிறது. ஆலையிலிருந்து வந்ததா, அச்சிலிருந்து வந்ததா என்று குடல் கேட்பதில்லை. இரும்புச் சத்து வேண்டுவோர்க்குக் கீரையும் பயறும் இருக்கின்றன. சுவைக்காக வெல்லம் உண்ணுங்கள். மருந்தென்று சொல்லி உண்ணாதீர்கள்.

‘நாற்பதில் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற நண்பர்க்கு ஒரு செய்தி. இரண்டாம் உலகப் போர்க் காலந்தொட்டுப் பிரிட்டனில் சர்க்கரை பங்கீட்டில்தான் கிடைத்தது. 1953 செப்டம்பரில் அப்பங்கீடு நீங்கியது. மக்கள் உண்ட சர்க்கரை விரைவில் ஏறக்குறைய இரு மடங்காயிற்று. பங்கீடு நீங்குவதற்குச் சற்று முன்னும் சற்றுப் பின்னும் பிறந்தவர்களை ஒப்பிட்டு 2024இல் ‘சயன்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. கருவிலும் முதலிரண்டு ஆண்டுகளிலும் பங்கீட்டுச் சர்க்கரையோடு வளர்ந்தவர்க்கு, பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு ஏறக்குறைய நூற்றுக்கு 35 பங்கு குறைவாக இருந்தது. இது குழந்தைப் பருவத்தைப் பற்றிய ஆய்வு. இருபது வயதினரைப் பற்றியது அன்று. ஆயினும் ஒரு காலத்தில் உண்டதன் பயனை உடல் ஐம்பதைத் தாண்டியும் நினைவில் வைத்திருக்கிறது என்பதை அது காட்டுகிறது. நம் நாட்டினர்க்கோ மேனாட்டாரைவிடக் குறைந்த வயதிலேயே, உடல் பெருக்காதபோதும், நீரிழிவு வந்துவிடுகிறது. நாற்பது என்பது தொலைவில் இல்லை.

இதற்கு ஒரு தடை எழுப்பலாம், எழுப்பியும் இருக்கிறார்கள். 2023இல் வெளியான அனைத்திந்திய ஆய்வின்படி, காலையிலேயே கச்சோரியும் ஜிலேபியும் உண்ணும் காசி மக்கள் வாழும் இந்த உத்தரப் பிரதேசத்தில் நீரிழிவு உள்ளவர் நூற்றுக்கு 4.8 பேர்தான், நாட்டிலேயே மிகக் குறைவு. நம் தமிழ்நாட்டிலோ 14.4. ‘அப்படியானால் ஜிலேபியா குற்றவாளி?’ என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி. சர்க்கரை ஒன்றே நீரிழிவுக்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. உடலுழைப்புக் குறைவு, நகர வாழ்வு, உடல் எடை, பரம்பரை, தீட்டிய வெள்ளரிசிச் சோறு எல்லாம் சேர்கின்றன. ஆனால் அதே ஆய்வில் அடுத்த பத்தியையும் படிக்க வேண்டும். நீரிழிவின் வாயிலில் நிற்போர் இம்மாநிலத்தில் நூற்றுக்கு 18 பேர். வயலில் உழைப்பவரின் ஜிலேபி வேறு. நூலகத்தில் பத்து மணிநேரம் அமர்ந்திருக்கும் நம் தேநீர் வேறு.

இந்த இனிப்பு வெள்ளத்தில் நம்மவர்க்கும் பங்கு உண்டு என்பது வேடிக்கை. 1912இல் கோவையில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. அங்கே பார்பரும் டி. எஸ். வெங்கட்ராமனும் நாணல் இனத்துக் காட்டுக் கரும்பை நாட்டுக் கரும்போடு கலந்து, வடநாட்டின் குளிரைத் தாங்கும் இனங்களை உண்டாக்கினர். கங்கைச் சமவெளியின் கரும்பு வயல்களை மாற்றியவை கோவையின் பெயர் தாங்கிய கரும்புகளே. சர்க்கரை அரிதாக இருந்த காலத்தில், ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை என்றார்கள். இன்று இலுப்பைப்பூவைத் தேட வேண்டிய ஊர் எது?

இத்தனையும் எழுதியதனால் பொங்கல் விழாவில் சர்க்கரைப் பொங்கலை நிறுத்தச் சொல்கிறேன் என்று எவரும் அஞ்ச வேண்டா. ஆண்டுக்கு ஒரு முறை நெய் வழிய உண்ணும் பொங்கலும், வீட்டிலிருந்து அம்மா அனுப்பும் அதிரசமும், மார்கழிக் குளிரில் காசித் தெருவில் கிடைக்கும் மலையோவும் இனிப்பு என்று அறிந்து உண்பவை. சிலர் அவற்றையெல்லாம் துறந்துவிட்டு நாள்தோறும் நான்கு குவளைத் தேநீரை விடாமல் குடிக்கிறார்கள். இதைப் போன்ற தவறான சிக்கனம் வேறில்லை. இனிப்பென்று எண்ணாமலே நாள்தோறும் உட்செல்வதைத்தான் குறைக்க வேண்டும். அங்கேதான் குறைப்பதும் எளிது. இரண்டு மூன்று வாரங்களில் நா பழகிவிடும்.

ஆனால் மெஸ்ஸில் நமக்கு அந்த உரிமையே இல்லை. கொதிக்கும் பானையிலேயே சர்க்கரை விழுந்துவிடுகிறது. வேண்டும் என்பவர்க்கும் வேண்டா என்பவர்க்கும் ஒரே பானை. ஆகவே விடுதிக் குழுவுக்கு ஒரு வேண்டுகோள் எழுதியிருக்கிறேன். தேநீரைச் சர்க்கரையின்றிக் காய்ச்ச வேண்டும். சர்க்கரையைத் தனிக் கிண்ணத்தில் வைத்து, மட்டமாக எடுத்தால் ஐந்து கிராமுக்கு மேற்படாத சிறு கரண்டி ஒன்றையும் உடன் வைக்க வேண்டும். மூன்று கரண்டி போட்டுக்கொள்பவரைத் தடுக்க எனக்கு விருப்பம் இல்லை. அவர் எண்ணிப் போடுவார், அது போதும். அத்துடன், வரும் சங்க விழாவில் குளிர்பான நிறுவனம் எதுவும் இலவசமாகப் பாட்டில் தர முன்வந்தால் ஏற்பதில்லை என்று செயற்குழு முடிவு செய்ய வேண்டும். எலுமிச்சையும் மோரும் இந்நகரில் கிடைக்காத பொருள்கள் அல்ல.

வேண்டுகோள்தாள் சங்க அறையில் தொங்குகிறது. இதுவரை முப்பத்தொரு பேர் ஒப்பமிட்டிருக்கிறார்கள். ஜிலேபி நண்பரும் அவர்களுள் ஒருவர். மகராஜுக்கும் மறுப்பில்லை. ‘கரண்டிகள் காணாமற் போனால் யார் பொறுப்பு?’ என்று மட்டும் கேட்டார். அதற்கு விடுதிச் செயலர்தாம் விடை கூற வேண்டும்.