கிராம சபையில் கை தூக்கினா டாஸ்மாக் மூடுமா? அணைக்கட்டு பெண்களுக்குக் கிடைக்காத அந்த இன்னொரு ஓட்டு

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஒன்றியத்தில் ஒரு ஊராட்சி. ஆகஸ்ட் 15, கிராம சபை கூடுகிறது. "எங்க ஊர்ல டாஸ்மாக் வேணாம்" என்று பெண்கள் எழுந்து கேட்கிறார்கள். கூட்டமே கை தூக்குகிறது. தீர்மானம் நிறைவேறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் மதியம் 12 மணிக்குக் கடை திறக்குமா, திறக்காதா?

திறக்கும். அதுதான் சட்டம்.

தமிழ்நாட்டில் மதுக்கடை எங்கே இருக்கலாம் என்பதை 2003-ம் ஆண்டு மதுபான சில்லறை விற்பனை விதிகள் சொல்கின்றன. கோயில், பள்ளியிலிருந்து மாநகராட்சி, நகராட்சியில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். முடிவெடுக்கும் அதிகாரம் மாவட்ட நிர்வாகத்திடம்தான். கிராம சபை தீர்மானம் போட்டாலே கடையை மூட வேண்டும் என்று அந்த விதிகளில் இல்லை. நீதிமன்றத்துக்குப் போன வழக்குகளில் தீர்மானம் ஒரு பலமான ஆதாரமாக உதவியிருக்கிறது. ஆனால் அது ஓட்டு இல்லை, கோரிக்கை.

அமெரிக்காவில் என்ன செய்கிறார்கள்?

அங்கே பல மாநிலங்களில் தேர்தல் நாளன்றே இன்னொரு கேள்வியும் வாக்குச்சீட்டில் இருக்கும். 'பேலட் மெஷர்' என்பார்கள். கருக்கலைப்பு உரிமை, கஞ்சா, குறைந்தபட்ச கூலி என எதுவாகவும் இருக்கலாம். ஆளுக்கு ஒரு ஓட்டு, பிரச்சனைக்குத் தனியாக ஒரு ஓட்டு.

இது கட்சிகளுக்கு லாபமா? 2004-ல் 11 மாநிலங்களில் தன்பாலினத் திருமணத்துக்கு எதிரான கேள்வி வாக்குச்சீட்டில் இருந்தது. அதற்கு ஓட்டு போட வந்தவர்கள்தான் ஒஹாயோவில் ஜார்ஜ் புஷ்ஷை ஜெயிக்க வைத்தார்கள் என்று அப்போது பரபரப்பாகப் பேசினார்கள். பிறகு வந்த ஆய்வுகள் அவ்வளவு உறுதியாகச் சொல்லவில்லை. 2024-ல் நடந்ததோ நேர்மாறு. மிசௌரி மாநிலத்தில் கருக்கலைப்பு உரிமைக்கு ஆதரவான திருத்தம் ஜெயித்தது. அதே நாளில், அதே சீட்டில் டிரம்ப்பும் அங்கே பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். ஃபுளோரிடாவில் இதே உரிமைக்கு 57 சதவீதம் பேர் ஆதரவாக ஓட்டு போட்டும், 60 சதவீதம் தேவை என்ற விதியால் தோற்றது. அங்கேயும் ஜெயித்தது டிரம்ப்தான்.

மக்கள் குழம்பிவிட்டார்களா? இல்லை. பிரச்சனை வேறு, கட்சி வேறு என்று பிரித்துப் பார்த்திருக்கிறார்கள்.

நம்ம நாட்டிலும் இது நடந்திருக்கிறது. 1967 ஜனவரி 16, கோவா. மகாராஷ்டிராவோடு சேரலாமா, தனி யூனியன் பிரதேசமாக இருக்கலாமா என்று மக்களிடமே கேட்டார்கள். சேர வேண்டாம் என்ற தரப்பு 34,021 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றது. சேர வேண்டும் என்று கேட்டது தயானந்த் பந்தோட்கரின் மகாராஷ்டிரவாதி கோமந்தக் கட்சி. அத்தோடு அந்தக் கட்சி காலி என்றுதானே நினைப்போம்? இரண்டே மாதத்தில், மார்ச்சில் நடந்த சட்டமன்றத் தேர்தலில் அதே மக்கள் அதே கட்சியை மறுபடி ஆட்சியில் உட்கார வைத்தார்கள். பந்தோட்கரே மீண்டும் முதல்வர்.

மதுக்கடைக்கே தனி ஓட்டு உண்டு

மகாராஷ்டிராவில் ஒரு ஊரில் நான்கில் ஒரு பங்கு பெண் வாக்காளர்கள் மனு கொடுத்தால், மதுக்கடை வேண்டுமா என்று ரகசிய வாக்கெடுப்பு நடத்தலாம். சின்னம் என்ன தெரியுமா? நிற்கிற பாட்டில், படுத்த பாட்டில். படுத்த பாட்டில் ஜெயித்தால் கடை மூடப்படும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும் சின்னம், யோசித்தவரைப் பாராட்டலாம். ராஜஸ்தானிலும் இப்படி ஒரு விதி இருக்கிறது. 2016 மார்ச்சில் ராஜ்சமந்த் மாவட்டம் காச்பலி ஊராட்சியில் மொத்த வாக்காளர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் கடை வேண்டாம் என்று ஓட்டு போட்டார்கள்.

இங்கே முக்கியமான சொல் 'ரகசிய'. கிராம சபையில் கை தூக்கும்போது எதிரே கட்சிக்காரர் உட்கார்ந்திருப்பார், கடன் கொடுத்தவர் இருப்பார், சில சமயம் வீட்டுக்காரரே இருப்பார். மூடிய பெட்டியில் போடுகிற சீட்டுக்கு அந்த பயம் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. ஆம்பூர், வேலூர் பக்கம் ஷூ கம்பெனிகளுக்குக் காலையிலேயே கம்பெனி பஸ்ஸில் கிளம்பிவிடும் பெண்கள் இந்தப் பகுதியில் ஏராளம். ஆண்டுக்கு நான்காக இருந்த கிராம சபை 2022-ல் ஆறாக உயர்ந்தது, நல்ல விஷயம். பழைய நான்கும் விடுமுறை நாட்கள். புதிதாகச் சேர்ந்த மார்ச் 22, நவம்பர் 1 பொது விடுமுறை இல்லை. வேலை நாளில் வந்தால் ஒரு நாள் சம்பளத்தை விட்டால்தான் கை தூக்க முடியும். பள்ளிகொண்டா, ஒடுகத்தூர் பேரூராட்சிகள் என்பதால் அங்கே கிராம சபையே கிடையாது.

அப்போ இந்தக் கோபம் எங்கே போகிறது?

சட்டமன்றத் தேர்தலுக்குத்தான். 2016-ல் அதிமுக படிப்படியாக மதுவிலக்கு என்றது. திமுகவும் மதுவிலக்கு என்றது. பாமகவுக்கு அது பழைய கொள்கை. எல்லாரும் ஒரே வாக்குறுதி கொடுத்த பிறகு, மதுவுக்கு எதிரான ஓட்டு யாருக்கு விழுந்தது என்று யாராலும் எண்ண முடியவில்லை. ஜெயலலிதா பதவியேற்ற அன்றே 500 கடைகளை மூட உத்தரவிட்டார். திமுக ஆட்சியில் 2023 ஜூனில், இருந்த 5,329 கடைகளில் இன்னொரு 500 மூடப்பட்டன. எந்த 500 என்பதை அரசுதான் முடிவு செய்தது. 2024-25-ல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்த வருவாய் 48 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். கடையை மூட எந்த ஆட்சியும் ஏன் தயங்குகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

அணைக்கட்டு போன்ற தொகுதியில் இது சின்ன கணக்கு இல்லை. 2021-ல் இங்கே வெற்றி வித்தியாசம் 6,360. பணப் பட்டுவாடா புகாரில் ரத்தாகி, 2019 ஆகஸ்டில் நடந்த வேலூர் மக்களவைத் தேர்தலில் ஆறு தொகுதிகளையும் சேர்த்தே வித்தியாசம் 8,141தான். பத்து ஊர்ப் பெண்கள் சேர்ந்து முடிவெடுத்தால் ரிசல்ட் மாறக்கூடிய இடம். ஆனால் கோவா மாதிரி, மிசௌரி மாதிரி, தனக்குப் பிடித்த கட்சிக்கு ஒரு ஓட்டும் கடைக்கு எதிராக ஒரு ஓட்டும் போட அவர்களுக்கு வழி இல்லை. கடையை எதிர்க்க வேண்டுமானால் கட்சியை மாற்ற வேண்டும். பலர் கட்சியை மாற்றுவதில்லை, கடையும் மாறுவதில்லை.

இப்போதைக்கு என்ன செய்யலாம்?

மக்கள்தொகை 3,001 முதல் 10,000 வரை உள்ள ஊராட்சியில் கிராம சபைக்குக் குறைந்தது 200 பேர் வர வேண்டும். குறைந்தால் கூட்டமே செல்லாது, தீர்மானமும் செல்லாது. அதனால் முதலில் ஆள் சேருங்கள். தீர்மானம் பதிவேட்டில் எழுதப்பட்டதா என்று கையெழுத்து போடும் முன் படித்துப் பாருங்கள். நகல் தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். அந்த நகலோடு, கடை எத்தனை மீட்டரில் இருக்கிறது என்ற விவரத்தையும் சேர்த்து, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வழக்கு என்று போனால் முதலில் கேட்கப்போவது இந்தக் காகிதங்களைத்தான்.