ஒலுவிலில் பைக்கை நிப்பாட்டுங்க

செமஸ்டர் லீவுக்கு எங்கட வட்ஸ்அப் குரூப்பில் ஒரு திட்டம் ஓடுது. பொத்துவிலில் தொடங்கி, திருகோணமலை தாண்டி நிலாவெளி வரை பைக்கில். சுமார் 250 கிலோமீற்றர், இரண்டு நாள். நிற்கும் இடங்கள் அறுகம்பை, பாசிக்குடா, நிலாவெளி. நடுவில்? அக்கரைப்பற்றில் பெற்றோல், கல்முனையில் புரியாணி. முடிஞ்சுது.

இதைப் போட்டது கொழும்புப் பொடியன்கள் என்றால் விட்டிருப்பேன். போட்டது ஒலுவில் கெம்பஸில் படிக்கிற, நிந்தவூரிலும் சாய்ந்தமருதிலும் பிறந்த நாங்கள்தான்.

அக்கரைப்பற்றில் இருந்து கல்முனை வரைக்கும் ஏ4 வீதியில் பெரும்பாலும் கடலே தெரியாது. கடைகள், மதில்கள், இடைக்கிடை வயல். கடல் வேணுமென்றால் கிழக்கே திரும்பவேணும். திரும்பாமல் போய்விட்டு 'கரையோரப் பயணம்' என்று வீடியோ போடுவது என்ன கத மச்சான்?

ஒலுவிலில் திரும்புங்க. வெளிச்சவீட்டோட செல்ஃபி எடுக்கலாம், எடுங்க. பிறகு துறைமுகத்துக்கு வடக்கே நடந்து பாருங்க. எம்.எச்.எம். அஷ்ரஃபின் கனவு அந்தத் துறைமுகம். அவர் 2000இல் மௌத்தானார். 2008இல் டென்மார்க்கின் கடனுதவியோடு வேலை தொடங்கி, 2013இல் திறந்தார்கள். எங்கட கடலில் மணல் தெற்கில் இருந்து வடக்கே நகரும். கடலுக்குள் கல்லணை போட்டால் மணல் தெற்கே தேங்கும், வடக்கே கரை பட்டினி கிடக்கும். அதுதான் நடந்தது. தென்னைகள் வேரோடு சாய்ந்தன. தோணி இழுத்து வைத்த, கரைவலை இழுத்த மண்ணைக் கடல் தின்றது. அரிப்பு நிந்தவூர் வரைக்கும் போனது. மணல் துறைமுக வாயையும் அடைத்தது, படகுகள் வெளியே போக முடியாமல் கிடந்த காலமும் உண்டு. காணி கொடுத்த சனம் நட்டஈட்டுக்கு அலைந்தது வேறு கதை.

"ட்ரிப் ஜாலிக்குடா, பாடம் எடுக்காத" என்று குரூப்பில் ஒருவன் போட்டான். சரி, ஜாலிக்கே போவோம். நானும் வாறேன், அறுகம்பையில் குளிக்கவும் எனக்கு ஆசைதான். ஆனால் வெளிநாட்டுக்காரர் நீச்சலுடையோடு படுக்கிற கரை மட்டும்தான் அழகு என்று எங்களுக்கு யார் சொல்லித் தந்தது? ஃபஜ்ருக்குப் பிறகு ஒலுவில் கரையில் தோணி வந்து சேருகிறதைப் பார்த்தவனுக்குத் தெரியும். பல வருசமாக இங்கே படிக்கிற சிலர் அதை ஒருதரம்கூடப் பார்த்ததில்லை. ஹொஸ்டலில் இருந்து நடந்தே போகலாம்.

இந்தக் கரை உடைந்தபோது மீனவர்கள்தான் வீதிக்கு இறங்கினார்கள். நாங்கள் எத்தனை பேர் போய் நின்றோம்? கையில் கெமரா, ட்ரோன் எல்லாம் இருக்கு. பாசிக்குடாவுக்கு மேலால் பறக்கிற ட்ரோன் இந்த அரிப்புக்கு மேலால் பத்து நிமிசம் பறந்தால் பெட்டரி செத்துப் போயிடுமா?

திட்டத்தில் ஒரு வரி சேர்த்து அனுப்பியிருக்கிறேன்: 'முதல் நாள், அசருக்குப் பிறகு, ஒலுவில், இரண்டு மணித்தியாலம்.' இதுவரைக்கும் வந்தது இரண்டு தம்ஸ்அப்பும் ஒரு சிரிப்பும்.