பள்ளியின் பெயரைக் கேளுங்கள்

சிறுவர் கதை எழுதுவோரைத் தமிழ்ப்பள்ளிகளுக்கு அழைப்பது நல்ல வழக்கம். ஆனால், பல நிகழ்ச்சிகள் பொன்னாடை, தன்முனைப்பு உரை, குழுப்படம் என்பதோடு முடிந்துவிடுகின்றன.

அண்மையில் ஒரு பள்ளியில் நான் கண்டது வேறு. வந்திருந்த எழுத்தாளர் தம் நூலைப் பற்றிப் பேசவில்லை. “உங்கள் பள்ளிப் பெயரில் ‘லாடாங்’ இருக்கிறதே, தோட்டம் எங்கே?” என்று கேட்டார். பிள்ளைகள் விழித்தனர். சுற்றிலும் வீடமைப்புப் பகுதிதான். அங்கே பால்மரம் வெட்டிய பாட்டி ஒருவரை முன்னே அழைத்தார். பெரட்டு, மங்கு, ஆயாக் கொட்டகை என்று பாட்டி சொல்லச் சொல்ல, கேள்விகள் பறந்தன. “இருட்டில் பாம்பு கடிக்காதா பாட்டி?” என்றான் ஒரு சிறுவன். அன்று அவர்கள் கேட்ட சிறந்த கதை அதுதான்.

இந்தக் கதைகளுக்குப் பின்னால் பெரிய வரலாறு இருக்கிறது. 1816-இல் பினாங்கு பிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கியது. 7 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்றது 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம். கொட்டகைகளில் கங்காணியும் கிராணியும்கூடப் பாடம் சொல்லித் தந்தார்கள். பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டன, விற்கப்பட்டன. மக்கள் வெளியேறினர். பல இடங்களில் தோட்டத்தின் பெயரைச் சுமந்து நிற்பது பள்ளி மட்டுமே.

சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட நம்மவர்களின் துயரத்தை ஆர். சண்முகமும் அ. ரெங்கசாமியும் நாவல்களாக்கினார்கள். அவை பெரியவர்களுக்கானவை. பத்து வயதுப் பிள்ளைக்கு அதன் ஊர்க்கதையைச் சொல்லும் நூல்களும் நமக்கு வேண்டும். எழுத்தாளர் எழுதத் தயாராக இருந்தாலும், செய்தி தர ஆள் வேண்டுமே!

இங்கேதான் இடைநிலைப்பள்ளி, பல்கலைக்கழக மாணவர்களாகிய உங்கள் பங்கு வருகிறது. தோட்ட வாழ்வை நேரில் அறிந்தவர்கள் எழுபது, எண்பது வயதைத் தொட்டுவிட்டார்கள். இந்தப் பள்ளி விடுமுறையில் அத்தகைய ஒருவரிடம் அனுமதி பெற்று, அரைமணி நேரம் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். ஊர், ஆண்டு, செய்த வேலை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய படங்களுக்குப் படி எடுங்கள். ஒரு படியை நீங்கள் படித்த தமிழ்ப்பள்ளியின் நூலகத்தில் சேருங்கள்.

அடுத்த முறை எழுத்தாளர் வரும்போது, பொன்னாடையோடு அந்தப் பதிவையும் அவர் கையில் கொடுக்கலாம். அவருக்கும் ஊருக்கும் அதைவிட நல்ல மரியாதை இல்லை.