எழுதுகிற வாத்தியார்
கட்டுரை நோட்டுத் திருத்தும்போது, “எங்க ஆடு என் பேச்ச மட்டுந்தான் கேக்கும்” என்று ஏழாம் வகுப்புப் பையன் எழுதிய வரியில் சிவப்பு மை கொஞ்சம் தயங்கும். எழுதுகிற ஆசிரியருக்குச் சம்பளத்தில் சேராத சுகம் அது. கடலூரில் பள்ளிப் பணியில் இருந்தபடியே எழுதிய இரா. நடராசனுக்கு 2014இல் பால சாகித்திய புரஸ்கார் கிடைத்தது. கேள்வி கேட்டு அடிவாங்கும் மாணவியின் கதையான அவரது ‘ஆயிஷா’வை, சாக்பீஸ் தூசி படிந்த கைதான் எழுதியிருக்க முடியும். இன்றோ ஆசிரியரின் மாலைப் பொழுதைப் பதிவேடுகளும் இணையப் பதிவேற்றமும் தின்றுவிடுகின்றன. அவர் கனவு பெரிதல்ல: யாரும் கூப்பிடாத இரண்டு மணி நேரம், தன் பெயரில் ஒரு புத்தகம், பள்ளி நூலகத்தில் அது பிள்ளைகள் கைபட்டுக் கிழிவது. பதிவேட்டு வேலைகளைக் குறைத்து அந்த நேரத்தை அவருக்குக் கொடுங்கள், லாபம் வகுப்பறைக்குத்தான்.